பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கும் பெட்டி

தூங்கும் பெட்டிகளைச் செய்து பிழைக்கிறவள் நான். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் என் தொழில் அதுதான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பேட்டரி, ஒரு ஆன்டெனா. எல்லாவற்றையும் மழைக்கு நனையாத ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம். அது நாள் முழுக்கத் தூங்கும். குறித்த நேரத்தில் கண் விழித்து, தண்ணீர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து, நாலே நாலு எழுத்தை ரேடியோ அலையில் அனுப்பிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். சில கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மொட்டை மாடியில் நிற்கும் ரிசீவர் அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றும். அதிகம் தூங்குகிற பெட்டிதான் நல்ல பெட்டி. பேட்டரியை மூன்று வருஷத்துக்கு மாற்றவே வேண்டாம் என்று சொன்னால் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அந்தப் பெருமை எனக்கும் உண்டு, கொஞ்சம் அளவுக்கு மீறியே உண்டு.

எங்கள் ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் ஒரு மாடிப் போர்ஷன். நாங்கள் நாலு பேர். ரிசீவரை அந்த வீட்டு மொட்டை மாடியில்தான் வைத்திருக்கிறோம். அதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "பெருமாள் கோபுரத்துக்கு மேல எதுவும் போகப்படாது, தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, கம்பத்தின் உயரத்தை அவரே நின்று பார்த்துத் திருப்தியான பிறகுதான் தலையாட்டினார். கோபுரம் எங்கே, எங்கள் எட்டடிக் கம்பம் எங்கே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் எனக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும். மற்றவர்களின் பயமும் பக்தியும் எனக்கு விளையாட்டாகத் தெரிந்த காலம் அது.

கொள்ளிடத்து வேலை எங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு மூலமாக வந்தது. கொள்ளிடம் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும். அந்த மணலுக்கு நடுவே ஓடுகிற சின்ன ஓடைகளை நம்பித் துணி துவைப்பவர்கள் இருக்கிறார்கள், மாடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கே முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்தால் கரையோரத் தெருக்களில் ஆட்டோவில் மைக் கட்டி எச்சரித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தச் சத்தம் நடு ஆற்றுக்கு எட்டாது. அதற்குத்தான் எங்கள் ஏற்பாடு. ஆற்றின் மேற்கே, தொலைவில், ஒரு பழைய கட்டடச் சுவரில் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சென்சார். இங்கே ஸ்ரீரங்கம் கரையில், துவைக்கும் இடத்துக்கு நேரே, ஒரு இரும்புக் கம்பத்தின் உச்சியில் சங்கு. மேலே தண்ணீர் ஏறினால் சென்சார் ரிசீவருக்குச் சொல்லும், ரிசீவர் சங்குக்குச் சொல்லும், சங்கு ஊதும். ஊரில் எல்லோரும் அதைச் சைரன் என்று சொல்லவில்லை, சங்கு என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் கரண்டு கிடையாது. அதனால் சங்கும் பேட்டரியில்தான் ஓடியது, அதுவும் தூங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, "எனக்கு ஏதாவது செய்தி உண்டா?" என்று ரிசீவரிடம் கேட்கும். இல்லையென்றால் மறுபடி தூக்கம். அது தூங்கும்போது ரிசீவர் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. பத்து நிமிடம் என்று முடிவு செய்தது நான்தான். மேலே தண்ணீர் ஏறினால் இங்கே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் பத்து நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கும் அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

அந்த இடத்தில் துவைத்துக்கொண்டிருந்தது ஒரு கணவன், மனைவி. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாண மண்டபங்களின் வெள்ளை விரிப்புகளையும் லாட்ஜுகளின் போர்வைகளையும் வாங்கிவந்து துவைப்பார்கள். அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் சீக்கிரமே பழக்கமாகிவிட்டது. சங்கு வருவதற்கு முன்னால் அவர்கள் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் ஊன்றி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் துவைப்பார், மற்றவர் குச்சியின் மேல் ஒரு கண் வைத்தபடி பிழிந்து காயப்போடுவார். குச்சி நனைந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்கள்.

சங்கு வைத்த அன்று நான் அந்தக் குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"இனிமே இதை யாரும் பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம்க்கா. சங்கு ஊதினா ஏறுங்க. ஊதலைன்னா நிம்மதியா ரெண்டு பேரும் வேலையைப் பாருங்க."

"ஆத்தை நம்ப முடியாதும்மா."

"ஆத்தை யாரு நம்பச் சொன்னா? பெட்டியை நம்புங்க."

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கே என் மேல் ஒரு மெச்சுதல். அக்காவும் சிரித்துவிட்டார். குச்சியைத் தூர எறிந்தேன். அதன் பிறகு இருவரும் சேர்ந்து துவைத்தார்கள், கூடுதலாக இரண்டு மண்டபத்துத் துணி பிடித்தார்கள்.

முதல் மழைக்காலத்தில் சங்கு இரண்டு தடவை சும்மா ஊதிவிட்டது. சென்சார் கண்ணுக்குக் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தது. அது வௌவால் மாதிரி ஒரு ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டு வரும் எதிரொலியைக் கேட்டுத்தான் ஆழத்தைச் சொல்லும். எதிரொலி குழம்பினால் அளவும் குழம்பும். இரண்டாவது தடவை அக்கா ஈரப் புடவையோடு நேரே ஆபீஸ் படியேறி வந்துவிட்டார். "ஈர மூட்டையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தரம் ஓடியாச்சு. சும்மா சும்மா ஊதினா யாரும்மா மதிப்பா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். எதிரொலி சரியாக வரவில்லை என்றால், முன்பு அளந்த அளவையே திருப்பிச் சொல். அதன் பிறகு பொய்ச் சங்கு ஊதவே இல்லை. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஆபீஸில் ஸ்பேனர், மீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். எங்கள் டெக்னீசியன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கை சுத்தம், மனசும் சுத்தம். எல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், வெளியில வெயில்லயும் மழையிலயும் நிக்குற பெட்டிங்கதானே நமக்குச் சோறு போடுது. அதுங்களுக்கும் போய்ப் பொட்டு வச்சிட்டு வந்துடறேனே."

"தாராளமா போயிட்டு வாங்கண்ணே. ஒண்ணு விடாம வைங்க" என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஒவ்வொரு பெட்டியாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. ஆற்றோரச் சென்சாரின் படமும் வந்தது. ஏணியில் நின்று கீழேயிருந்து எடுத்தது. நான் கும்பிடும் கை இரண்டு போட்டு, "அழகா இருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. முந்தின சாயங்காலம் தெருவில் மைக் ஆட்டோ போனது என் காதில் விழுந்திருந்தது. அந்தப் பருவத்தில் அது அடிக்கடி போகும். நம்ம சங்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் போனில் பார்த்தேன். தண்ணீர் அளவில் மாற்றமில்லை, எல்லாம் பச்சை. ஆற்றுக்கு அக்கரையில், டோல்கேட் பக்கம் ஒரு வேலை இருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கொள்ளிடம் பாலத்தில் ஏறினேன்.

பாலத்தின் தொடக்கத்திலேயே சிலர் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மேற்கேயிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேகமாகக்கூட இல்லை, மணலை நக்கிக்கொண்டு பரவியது. கரையை ஒட்டிய பள்ளத்தில்தான் முதலில் நிறைந்தது. அந்தப் பள்ளத்துக்கு அப்பால், நடுவில், மேடாக இருந்த மணல் திட்டில் இரண்டு பேர் குனிந்து நிமிர்ந்து துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. இருவரும் கரைக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

போனை எடுத்தேன். பச்சை. மாற்றமில்லை. கண்ணெதிரே ஆறு ஏறுகிறது, என் பெட்டி மாற்றமில்லை என்கிறது.

சங்கை நாமே ஊதவைக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினேன். "வரிசையில் உள்ளது" என்று வந்தது. சங்கு கடைசியாக விழித்தது இரண்டு நிமிடத்துக்கு முன்னால். அடுத்து விழிக்க இன்னும் எட்டு நிமிடம். ரிசீவரிடம் செய்தி இருக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியது தூங்குகிறது. எழுப்ப வழியே கிடையாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தேன்.

அக்காவின் போனுக்கு அடித்தேன். முழுக்க ஒலித்து நின்றது. அவர் போனைக் கரையில் நிற்கும் மொபெட் பையில் போட்டுவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவார் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் மறுபடி அடித்தேன். பிறகு டெக்னீசியனுக்கு.

"அண்ணே, சங்குக் கம்பத்துக்கு வாங்க. கயிறு எடுத்துக்கங்க. சாவி எடுத்துக்கங்க. அவங்க ரெண்டு பேரும் நடு ஆத்துல இருக்காங்க."

"இதோ வந்துட்டேன் மேடம்" என்றார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்கூட்டரைப் பாலத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். வீடியோ எடுத்தவர்களைப் பார்த்து, "படம் எடுக்கறீங்களே, வாய் இல்லையா? கத்துங்கய்யா!" என்று கத்தியது நினைவிருக்கிறது. பாலம் இறங்கி, கரை ரோட்டில் திரும்பி, கருவேலம் புதருக்குள் புகுந்து ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுபோனது. மூச்சு வாங்க நின்றபோது நான் கம்பத்துக்கு நேர் அடியில் இருந்தேன். மேலே என் பெட்டி. போனைப் பார்த்தேன். இன்னும் மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் அதன் அடியில் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எந்த மனிதர் மேலும் எனக்கு வந்ததில்லை. பெட்டி பூட்டியிருந்தது, கைக்கு எட்டாத உயரம், சாவி டெக்னீசியனிடம். கத்தினேன். "அக்கா! அக்கா!" அவர்கள் துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது, என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி இரும்புக் கம்பத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கை மரத்துப்போகிற வரை அடித்தேன். பள்ளத்துத் தண்ணீர் நான் வந்தபோது கரைப் படிக்கட்டின் அடியில் இருந்தது, இப்போது இரண்டாம் படி மூழ்கியிருந்தது. அக்கா ஒரு விரிப்பை உதறிக் காயப்போட்டார். நிதானமாக, மூலைக்கு மூலை இழுத்து, சுருக்கம் நீக்கிப் போட்டார். நிம்மதியாக வேலையைப் பார்த்தார்.

டெக்னீசியன் பைக்கில் வந்து இறங்கிய அதே நேரத்தில் பெட்டி விழித்தது. தலைக்கு மேல் சங்கு வீறிட்டது.

திட்டில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். திரும்பினார்கள். பள்ளத்தைப் பார்த்தார்கள். அக்காவின் கணவர், அந்த அண்ணன், உடனே அவர் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா கையை உதறிக்கொண்டு விரிப்புகள் பக்கம் ஓடினார். மண்டபத்துத் துணி, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. "துணியை விடுங்கக்கா! விட்டுட்டு வாங்க!" என்று நான் கத்தினேன். இரண்டு விரிப்பை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் அவற்றை முறுக்கி முடிச்சுப் போட்டு, ஒரு முனையை அக்காவின் இடுப்பிலும் ஒரு முனையைத் தன் கையிலும் சுற்றிக்கொண்டார். இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு, பிறகு மார்பு.

டெக்னீசியன் கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாதி தூரத்தில் அக்காவின் கால் வழுக்கியது. தலை உள்ளே போனது. தண்ணீர் மேல் கொஞ்சம் முடி மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் விரிப்பை இழுத்தார், டெக்னீசியன் எட்டி அக்காவின் கையைப் பிடித்தார், நான் இங்கிருந்து கயிற்றை இழுத்தேன். மூன்று பேரும் படியில் வந்து விழுந்தார்கள். பின்னால் திட்டும் மூழ்கியது. மிச்ச விரிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து பாலத்தைப் பார்த்து மிதந்து போயின.

அக்கா குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தார். அண்ணன்தான் கேட்டார்.

"சங்கு ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"டவர் பிரச்சினைண்ணே. சிக்னல் கிடைக்கலை" என்றேன்.

அந்தப் பொய் எனக்கு எவ்வளவு எளிதாக வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் தலையாட்டினார். சிக்னல் கிடைக்கவில்லை என்றால் இந்த ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

மதியம் டெக்னீசியன் மேற்கே போய்ச் சென்சாரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை என் மேஜைக்கு மேல் நீட்டினார். மஞ்சளும் சிவப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நான் வச்ச சந்தனம் மேடம். கீழேருந்து பாத்தா அந்த வட்டந்தான் அதோட முகம் மாதிரி தெரிஞ்சுது. அங்கேயே வச்சிட்டேன். காஞ்சு இறுகிப்போய்க் கண்ணை அடைச்சிருச்சு. ரெண்டு உசுரு போயிருக்கும். நான் வேலையை விட்டுடறேன்."

அவர் அழுதார். நான் போனை எடுத்து ஆயுத பூஜை அன்று வந்த படத்தைத் திறந்தேன். கறுப்பு வட்டம், அதன் நடுவே தாராளமாகப் பூசிய சந்தனம், அதற்கு மேல் குங்குமம். கீழே என் கும்பிடும் கைகள். அழகா இருக்கு. அந்த வட்டம்தான் சென்சாரின் கண் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்து வாங்கிய எனக்குத் தெரியாதா? எதிரொலி வராத கண், பழைய அளவையே திருப்பிச் சொன்னது. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

"நான் பாத்துட்டுத்தான் அழகா இருக்குன்னு போட்டேன்ண்ணே. நீங்க எங்கேயும் போகப் போறதில்லை. போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு கொடியில் அந்த இரண்டு விரிப்புகளும் முடிச்சு அவிழ்க்கப்படாமலே தொங்கின. அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். டவர் பிரச்சினை என்றது பொய் என்று சொன்னேன். சந்தனத்தைச் சொல்லும்போது டெக்னீசியன் என்று சொல்லவில்லை, நாங்கள் என்று சொன்னேன். படத்தைக் காட்டினேன். நான் எழுதிய விதியைச் சொன்னேன். சங்கு பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் விழிக்கும், மிச்ச நேரம் தூங்கும், அதன் அடியில் நின்றுகொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் சொன்னேன்.

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தனத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"பெட்டி தூங்கும்னு நீ எங்ககிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றார். "சொல்லியிருந்தா நாங்க ஒருத்தராவது முழிச்சிருந்திருப்போம்."